எடுத்தவர் தெரியவில்லை

முப்பத்தாறு மணி நேரம் சின்னவன் வாயைத் திறக்கப்போவதில்லை என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பெரியவள் அதை நின்று படித்தாள். அவளுக்குத் தெரிந்து அவளுடைய தம்பி அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் சும்மா இருந்ததில்லை. தூக்கத்தில்கூட யாரிடமோ வாதாடிக்கொண்டிருப்பான். ஆறு வயதில் தன் அறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டு மாட்டிக்கொண்டபோதும், அப்பா கடப்பாரையால் கம்பியை நெம்பி முடிக்கும்வரை, எப்படி நெம்ப வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். வீட்டில் எத்தனை பேர் கெஞ்சியும் கிடைக்காத அந்த மௌனத்தைப் பார்க்க இங்கே ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

நிகழ்த்துக்கலையாம். பெயர், "கண்ணின் தாய்மொழி". ஒரே படத்தை ஒவ்வொரு பண்பாட்டுக்காரரும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறார்கள், பார்ப்பது கண் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பரம்பரை என்று கதவில் இன்னொரு தாள் விளக்கியது. நேற்றுக் காலையில் ஆரம்பித்தது, இன்று மாலை முடிகிறது. முடியும் நேரத்துக்கு அம்மா வருகிறாள். அவளை அழைத்துவரச் சின்னவன் கார் ஏற்பாடு செய்திருந்தான்.

அதற்குள் அந்தப் படம் சுவரிலிருந்து இறங்க வேண்டும். பெரியவள் ஆய்வகத்தில் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தது அதற்காகத்தான்.

நேற்று மதியம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எதிர்ச் சுவரில் அந்த விளம்பரம் ஒட்டியிருந்தது. மூடிய ஒரு கதவு. கதவைப் பார்த்து ஒரு பெண் பக்கவாட்டில் நிற்கிறாள். தலைமுடி விழுந்து முகத்தை மறைத்திருக்கிறது. ஒரு கை கதவைத் தட்டப்போவதுபோல் உயர்ந்திருக்கிறது, இன்னொரு கையில் ஒற்றைச் செருப்பு. தோளில் பை, பையின் ஜிப்புக்குப் பதிலாக ஒரு ஊக்கு. அந்த ஊக்கைக் குத்தியது அவள்தான். தன்னையே யாரோ தெருவில் ஒட்டிவைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டாள். உடனே சின்னவனுக்கு போன் செய்தாள். அவன் மௌனத்தில் இறங்கியிருந்தான், போனும் கூடவே இறங்கியிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய படம். கட்டியவன் வீட்டில் இனி ஒரு நாளும் இருக்க முடியாது என்று ஆனபிறகு, உடுத்திய துணியோடு கிளம்பி வந்த நாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்து அப்பா வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. இருட்டும்வரை தட்டினாள். பிறகு ஆய்வகத் தோழியின் விடுதிக்குப் போனாள். ஒரு மாதம் கழித்து வீட்டார் தேடி வந்தார்கள். அன்று பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே ஓடியதாகவும் அப்பா சொன்னார். பூட்டு கதவிலேயே பதித்தது, வெளியே தொங்காது. அவள் நம்பினாள். அப்பா போனபிறகு அம்மாவைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். அம்மா இன்றும் தலை வாரிவிடும்போது எங்கேயாவது ஆரம்பித்து அங்கேதான் வந்து முடிப்பாள்: "அன்னைக்கு மட்டும் நாங்க வீட்ல இருந்திருந்தா, உன்னை அப்படி வாசல்ல நிக்க விட்டிருப்போமாடி?" அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் பெரியவள் தன் ஒன்பது வருடத்தையும் கட்டியிருந்தாள்.

அந்த வாசலில் மகள் நின்ற நிலையை அம்மா சுவர் அகலத்துக்குப் பார்த்தால் தாங்குவாளா? மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடுகிற மனுஷி.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கழுத்தில் மாட்டும் அட்டைகளைக் கடை பரப்பியிருந்தாள். மலை, கடல், வயல், நகரம், பிற.

"உங்க பின்புலம் என்னங்க?"

"தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கேன்."

"அது வேலைங்க. நான் கேக்கறது பண்பாட்டுப் பின்புலம்."

"நான் அவனோட அக்கா."

அந்தப் பெண் ஒரு முறை அட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். "அப்படி ஒரு அட்டை அடிக்கலைங்க. 'பிற' தரட்டுமா?"

"எனக்கு அட்டை வேணாம். அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

"நாற்காலியில உக்கார்றவங்க மட்டும்தான் பேசலாங்க. அவர் நல்லாக் கேப்பார். பதில் உடம்பால வரும்."

"உடம்பாலயா?"

"ஆமாங்க," என்றாள் அந்தப் பெண், பதில் தபாலில் வரும் என்று சொல்வதுபோல. "அட்டை இல்லாம நாற்காலி இல்லைங்க."

பெரியவள் 'பிற'வைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். சொந்தத் தம்பியிடம் பேச வரிசையில் நிற்பது இதுதான் முதல் தடவை.

கூடம் முழுக்க வெள்ளை. குளிரூட்டி உடம்பைத் துளைத்தது. தரையில் சுற்றிலும் ஆட்கள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சின்னவனைப் பார்த்தார்கள், மீதிப் பேர் சின்னவனைத் தங்கள் போனில் பார்த்தார்கள். அவன் சாம்பல் நிற அங்கியில், வெறுங்காலோடு, நடுவில் நின்றான். கண்ணுக்குக் கீழே கரியோ தூக்கமின்மையோ, ஏதோ ஒன்று அப்பியிருந்தது. எதிரே ஒரு நாற்காலி. பின்னால் சுவரில் அவள்.

ஓரத்தில் சின்ன அட்டை: "கண்டெடுத்த படம். எடுத்தவர் தெரியவில்லை."

எடுத்தது அப்பா வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரராகத்தான் இருக்கும் என்று நேற்றே முடிவு செய்திருந்தாள். அவருக்குக் கேமராப் பைத்தியம். அடுத்த வீட்டுப் பூனையைக்கூட விடமாட்டார்.

விளம்பரத்தில் இல்லாத ஒன்று சுவரில் இருந்தது. படத்தின் மேல், மேலிருந்து கீழாக, மங்கலான கறுப்புப் பட்டைகள் ஓடின. கண்காட்சியை நடத்துகிற சிவப்புக் கண்ணாடிக்காரி ஒலிபெருக்கியில் அதைப் பற்றித்தான் பூரித்துக்கொண்டிருந்தாள்.

"போஸ்டர்ல இதை வெட்டிட்டோம். கலைஞர் இங்கயும் வெட்டச் சொன்னார். நான்தான் விடலை. இந்தக் கறுப்புதான் படத்தோட உயிர்னு சண்டை போட்டு முழுசாப் போட்டேன்."

கூட்டம் அவளுடைய சண்டைக்குத் தலையாட்டியது.

நாற்காலியில் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்தார். அட்டை: நகரம். மனைவி இழுத்து வந்திருப்பாள் போலிருந்தது.

"என்ன தெரியுது டாக்டர்?"

"செருப்பு அறுந்துருச்சு. யாரோ வீட்டுக்கு வந்துருக்காங்க. கதவு திறக்கலை."

"சரி. உங்க பண்பாட்டுல இதுக்கு என்ன அர்த்தம்?"

"எங்க பண்பாட்டுலயும் செருப்பு அறுந்தா கையிலதாங்க எடுத்துக்குவோம்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தார்கள். சின்னவன் அசையவில்லை. அவன் அசையாவிட்டால் அந்தப் பார்வை தேறவில்லை என்று பொருளாம். டாக்டர் சிறிது நேரம் காத்திருந்தார், பிறகு அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மனைவியைத் தேடிப் போனார்.

"பாத்தீங்களா," என்று முன்னால் நின்றவர் பெரியவளின் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். கழுத்தில் 'கடல்' தொங்கியது. "உள்ளதைச் சொன்னா வேலைக்காகாது. காலையிலேருந்து பாத்துட்டு இருக்கேன். கொஞ்சம் கலந்து விடணும்."

"நீங்க கடற்கரைப் பக்கமா?"

"ரெண்டு தடவை பாத்துருக்கேன். ஒரு தடவை மழை, சரியாத் தெரியலை. வயல்தான் கேட்டேன், தீந்துபோச்சுன்னுட்டாங்க."

ஏஜென்ட் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் அவனுடைய செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் மனைவி ஏழு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு என்றார். ஆறு கதவு திறக்குமாம். ஏழாவது கதவு திறக்கக் கூடாதாம். சிவப்புக் கண்ணாடிக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். சின்னவனின் உடம்பு மெல்ல அலைபோல ஆடத் தொடங்கியது, முழங்கால் மடிந்தது, உள்ளங்கை காற்றில் ஏழு முறை தட்டியது. ஓர் ஓரத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கூட்டத்தில் 'கடல்' மாட்டியிருந்த இன்னொருவர், "ஆமா, எங்க பாட்டி காலத்துல பண்ணுவாங்க," என்று உரக்கச் சொன்னார். சற்று முன்தான் பிறந்த வழக்கத்துக்கு அதற்குள் பாட்டி கிடைத்துவிட்டாள்.

ஏஜென்ட் திரும்பி வரும்போது பெரியவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. அறுந்த செருப்போடு நிற்கிற பெண்ணின்மேல் ஆளாளுக்கு ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கால் வலித்தது, தாகமாக இருந்தது, கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் எந்தப் பரம்பரையிலும் சேராது.

அடுத்து ஒரு வங்கி அதிகாரி அம்மாள், 'மலை'. கையோடு குறிப்பெல்லாம் எடுத்து வந்திருந்தாள்.

"எனக்கு முதல்ல பட்டது மரங்கள்தான். இந்தக் கறுப்பெல்லாம் மரம். நாங்க மலைக்காரங்க, எதைப் பாத்தாலும் மரம்தான் முன்னால வரும்." சின்னவன் கைகளை உயர்த்தி மரமானான். "இந்தப் பொண்ணு காட்டுக்குள்ள நிக்கறா. அதுலயும் அந்த மூணாவது மரத்தைப் பாருங்க. அது மட்டும் நடுவுல வயிறு தள்ளி நிக்குது. அது கருவுற்ற மரம். காடே அவளுக்குத் தாயா நிக்குது."

"ஐயோ," என்றாள் சிவப்புக் கண்ணாடிக்காரி. "இதை யாருமே கவனிக்கலையே!"

சின்னவன் கவனித்தான். மரமாக நின்ற அவனுடைய கைகள் ஒரு கணம் அந்தரத்தில் தங்கின. வயிற்றைத் தள்ளிக்காட்ட வேண்டியவன் தள்ளவில்லை.

பெரியவள் மூன்றாவது பட்டையைப் பார்த்தாள். மற்றவை நேராக இறங்க, அது மட்டும் பாதியில் ஒரு பக்கமாகப் புடைத்து, மறுபடி நேராகி இறங்கியது. ஆறு வயதுத் தலை நுழைந்து வெளியே வரத் தேவையான அளவு.

சில விஷயங்களை ஆய்வகத்தில் தினமும் பார்க்கிறாள், ஆனால் அங்கே அவை வலிப்பதில்லை. லென்ஸுக்கு மிக அருகில் இருப்பது மங்கும். தூரத்தில் இருப்பது தெளியும். கதவும் செருப்பும் ஊக்கும் தெளிவாக இருந்தன. பட்டைகள் மங்கியிருந்தன. எதிர் வீட்டிலிருந்து எடுத்தால் அவளுடைய முதுகுதான் கிடைக்கும். பக்கவாட்டில் அவளைப் பார்க்க அந்த வீட்டில் ஒரே ஓர் இடம்தான் உண்டு: வாசலை ஒட்டி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்னவனின் அறை. அதன் ஜன்னல்.

அவள் தலையை ஒரு முறை திருப்பி வெளிக் கதவைப் பார்த்தாள். போய்விடலாம். அம்மாவுக்கு போன் செய்து, நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டது, வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரவு போய்த் தோசை வார்த்துப் போட்டு, மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படுக்கலாம். நாளைக்கு அம்மா தலை வாரிவிடும்போது அதே வாக்கியத்தைச் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அடுத்தது, பிற," என்று கூப்பிட்டார்கள்.

அவள் போய் உட்கார்ந்தாள். சின்னவனுக்கு அவளை அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. கலைஞனின் முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் அக்காவிடம் பிடிபட்ட தம்பியின் கண்ணாயிற்று.

"என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"ஜன்னல்." குரல் எழும்பவில்லை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"கொஞ்சம் சத்தமா. என்ன ஜன்னல்? மனசோட ஜன்னலா?"

"இல்லைங்க. இவன் ரூம் ஜன்னல்."

யாரோ சிரித்தார்கள். சிவப்புக் கண்ணாடிக்காரி சிரிப்பதா குறித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தாள்.

"மூணாவது கம்பி வளைஞ்சிருக்கு," என்றாள் பெரியவள். இப்போது குரல் வந்துவிட்டது. "ஆறு வயசுல இவன் தலையை விட்டு மாட்டிக்கிட்டான். எங்கப்பா நெம்பி எடுத்தார். கம்பி இவ்வளவு மங்கலா விழணும்னா, எடுத்தவன் மூக்கு அதுல உரசற தூரத்துல நின்னுருக்கணும். உள்பக்கம்."

கூடத்தில் போன்கள் உயர்ந்தன.

"அந்தப் பொண்ணு..." என்று சிவப்புக் கண்ணாடிக்காரி ஆரம்பித்தாள்.

"நான்தான்." பெரியவள் அவள் பக்கம் திரும்பவில்லை. "சொல்றதை இவன் உடம்பால காட்டுவான்ல? காட்டுடா. எடுத்தவன் எப்படி நின்னான்?"

சின்னவன் நின்றபடியே நின்றான். ஆனால் ஒன்றரை நாளாகச் சொன்னதையெல்லாம் செய்துகாட்டிப் பழகிய உடம்பு அது. முழங்கைகள் தாமாக நெஞ்சோரம் ஒடுங்கின. விரல்கள் முகத்துக்கு ஏறின. ஒரு கண் மூடிக்கொண்டது. ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு பொத்தானை அழுத்தியது.

"பிரமாதம்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"அப்பா?"

அவன் கையைக் கீழே இறக்கினான். இரண்டடி தள்ளிப் போய், மார்புக்குக் குறுக்கே கைகளைக் கட்டி, மோவாயைத் தூக்கி, வாசல் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். இறந்து நான்கு வருடமான மனிதர் சாம்பல் நிற அங்கியில் வந்து அந்தக் கூடத்தின் நடுவில் நின்றார். கைதட்டல் எழுந்தது. எந்தப் பண்பாட்டுக்காரருக்கும் அட்டை தேவைப்படவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மட்டும் கைதட்டவில்லை, கழுத்திலிருந்த 'கடல்' அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அம்மா எங்கடா நின்னாங்க?"

சின்னவனின் கை பாதி உயர்ந்தது. பிறகு விழுந்தது. மறுபடி உயர்ந்து, எதையோ பிடிக்கப்போவதுபோல் விரல்கள் மடங்கி, நின்றுவிட்டது. அதற்கு மேல் உடம்பு வரவில்லை.

"முடியலைன்னா விட்டுடலாம்," என்று சிவப்புக் கண்ணாடிக்காரி தணிந்த குரலில் சொன்னாள். "இந்தத் தயக்கமே ரொம்ப அழகு."

பெரியவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். கூட்டத்துக்குக் கேட்காதபடி, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அம்மா மட்டும் ஆஸ்பத்திரியில இருந்தாங்கன்னு காட்டுடா. எப்படியாவது காட்டு. நான் நம்பறேன். சாயங்காலம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன்."

சின்னவன் அவளையே பார்த்தான். கண்ணுக்குக் கீழே இருந்தது கரிதான், அது கரைந்து கன்னத்தில் இறங்கியது. முப்பத்தாறு மணி நேரம் முடிய இன்னும் நேரம் இருந்தது. தொண்டை காய்ந்துபோயிருந்ததால் முதலில் காற்றுதான் வந்தது. பிறகு சொன்னான்:

"கதவுக்குப் பின்னாலதான்க்கா நின்னாங்க. தாழ்ப்பாள் மேல கையை வச்சுக்கிட்டு."